பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

பயன்படுத்தியபின் அப்படியே கைமாற்றி விற்கப்படும் கார்டுக்கும், பழுதும் தூசியும் நீக்கிச் சோதித்து, குறுகிய கால உத்தரவாதத்துடன் தரப்படும் 'ரீஃபர்பிஷ்டு' கார்டுக்கும் உள்ள வேறுபாடே விலையை மதிப்பிட உதவும் முதல் அளவுகோலாகும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் மைனிங்கை, அதாவது கணினியின் கணக்கீட்டுத் திறனைச் செலவிட்டு நாணயம் ஈட்டும் முறையை, கைவிட்டதும், அதற்காக இரவுபகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்குப் பெருமளவில் வந்தன. இவற்றில் மையச் சிப்பைக் காட்டிலும் மின்விசிறியின் பேரிங்கும், நினைவகச் சில்லுகளின் வெப்பத்தை உலோகத் தகட்டுக்குக் கடத்தும் மென்மையான தெர்மல் பேடுமே பெரும்பாலும் முதலில் பழுதடைவதாலும், இவை இரண்டையும் மாற்றிவிட முடியும் என்பதாலும், மைனிங்கில் இருந்தது என்பதற்காகவே ஒரு கார்டை ஒதுக்க வேண்டியதில்லை. ஆயினும், விற்பவர் முன்னிலையிலேயே ஜிபியு-இசட் மென்பொருளில் மாடலையும் நினைவக அளவையும் சரிபார்த்து (பழைய சிப்புக்குப் புதிய மாடலின் பெயரைப் பதித்து விற்கும் மோசடி உண்டு), கார்டை முழுச் சுமையில் இயக்கும் ஃபர்மார்க் சோதனையைக் கால் மணி நேரம் ஓட்டி, திரையில் வண்ணப் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா, மின்விசிறி கரகரக்கிறதா என்று கவனிப்பது இன்றியமையாதது. சோதிக்க இடங்கொடாத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாயினும், வாங்காமல் விடுவதே நன்று.