இரும்பை மதிக்க வைத்த ஆறுமுகம் மந்திரம்



2019-இல் லித்தியம் பேட்டரிக்காக மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதில் ஒருவர் ஜான் குட்இனஃப். அப்போது அவருக்கு வயசு 97! ஸ்டாக்ஹோமில் அவருடைய நோபல் உரையை அவருக்குப் பதிலாக மேடையேறி நிகழ்த்தியவர் யார் தெரியுமா? நம்ம தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சின்ன கிராமத்தில் பிறந்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம்.

மதுரையில் வேதியியல் படித்து, 1981-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் விரிவுரையாளர். 1985-இல் இங்கிலாந்து போய் ஆக்ஸ்போர்டில் குட்இனஃபிடம் சேர்ந்தார். அடுத்த வருடமே இருவரும் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள். வேதியியல் படித்தவர் அங்கே பொறியியல் பேராசிரியர் ஆனார். பேட்டரிக்கு ரெண்டு படிப்பும் வேணும்தானே!

இனி விஷயத்துக்கு வருவோம். லித்தியம் பேட்டரியின் பிளஸ் பக்கத்தில் ஒரு பொடி இருக்கும். சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் அதிலிருந்து கிளம்பி எதிர்ப்பக்கம் போகும். நாம் பயன்படுத்தும்போது திரும்பி வரும். எத்தனை வோல்ட் கிடைக்கும் என்பது பெரும்பாலும் அந்தப் பொடியைப் பொறுத்தது. 1980-இல் ஆக்ஸ்போர்டில் குட்இனஃப் குழு கோபால்ட் ஆக்சைடில் 4 வோல்ட் எடுத்தது. ஆனால் கோபால்ட் விலை அதிகம். பெரும்பகுதி காங்கோ நாட்டிலிருந்துதான் வருகிறது. இரும்பு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் வெறும் இரும்பு ஆக்சைடில் 2.5 வோல்ட்கூட வராது.

இங்கேதான் மந்திரம் வேலை செய்தார் (பேரைச் சொன்னேன்!). ஆக்சிஜன் ஒரு கையால் இரும்பையும் மறு கையால் இன்னொரு தனிமத்தையும் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தனிமம் மாலிப்டினமோ டங்ஸ்டனோ ஆனால் 3.0 வோல்ட். அதற்குப் பதில் கந்தகம் என்றால் 3.6 வோல்ட்! இரும்பு அதே இரும்புதான். கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் பலமாக இழுக்கிறது. அதனால் இரும்பின் மேல் ஆக்சிஜனின் பிடி தளர்கிறது. எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் நாட்டம் இரும்புக்குக் கூடுகிறது, வோல்ட்டும் கூடுகிறது. இதற்குத் தூண்டல் விளைவு என்று பெயர். மந்திரமும் குட்இனஃபும் இதை 1987-லும் 1989-லும் கட்டுரைகளாக எழுதினார்கள்.

ஒரு குறை இருந்தது. இரும்பு சல்பேட்டில் லித்தியமே கிடையாது. பிளஸ் பக்கத்தில் லித்தியம் இல்லாவிட்டால் சார்ஜ் போடும்போது எது கிளம்பும்? 1997-இல் குட்இனஃபின் ஆய்வகத்திலிருந்து லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. கந்தகத்தின் இடத்தில் தனிம அட்டவணையில் அதன் பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்பரஸ், லித்தியமும் முதலிலேயே உள்ளே. கிட்டத்தட்ட 3.4 வோல்ட். இன்று மின்சார பஸ்களிலும் பல ஸ்கூட்டர்களிலும் ஓடுவது இதுதான்.

மந்திரம் கோபால்ட்டை அத்துடன் விடவில்லை. 2020-இல் நிக்கல், மாங்கனீசு, அலுமினியம் சேர்த்து, கோபால்ட் துளியும் இல்லாத பொடி ஒன்றை அவர் குழு வெளியிட்டது.