கம்பியில்லாப் புகையறி கருவி: பொருத்துதலும் சோதித்தலும்

தில்லி மாநகரின் அனாஜ் மண்டிப் பகுதியில் 2019ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் விடியற்காலையில் ஒரு கட்டடத்தில் தீப்பற்றியது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களில் 43 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் புகையினால் மூச்சடைத்து இறந்தனர். தீ விபத்துகளில் உயிர்ச்சேதம் பெரும்பாலும் இவ்வாறே நேர்கிறது. சுடர் ஓர் அறையில் எரியும்போதே புகை மற்ற அறைகளையும் மாடிப்படியையும் நிரப்பிவிடுகிறது. உறக்கத்தில் முகரும் புலன் மங்கிவிடுவதால், புகை நாற்றம் தம்மை எழுப்பிவிடும் என்று எவரும் நம்பியிருத்தல் இயலாது. செவிப்புலனோ உறக்கத்திலும் ஓரளவு விழித்திருக்கிறது. ஆதலின் புகையை ஒலியாக மாற்றித் தரும் சாதனம் ஒன்று வீட்டில் இருத்தல் அவசியமாகிறது.

இத்தகைய சாதனங்களில், கம்பி இழுக்காமலே வீட்டின் அபாயமணி அமைப்போடு இணையும் கருவிகள் இந்நாளில் எளிதாகக் கிடைக்கின்றன. சுவரை உடைக்கவோ குழாய் பதிக்கவோ வேண்டுவதில்லை. ஒரு மாலைப் பொழுதில் பொருத்திவிடலாம். ஆயின் எளிதாகப் பொருத்தப்பட்ட கருவி சரிவரச் சோதிக்கப்படாமல் விடப்படுவதும் எளிதில் நேர்கிறது. ஊழியர்களும் ஆசிரியர்களும் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய செய்தி இதுவே: பொத்தானை அழுத்தியதும் மணி ஒலித்தது என்பதால் மட்டும் வீட்டுக்குக் காவல் கிடைத்துவிட்டதென்று கொள்ளலாகாது. ஏன் என்பதை இக்கட்டுரை விளக்கும்.

புகையை அறியும் முறை

வீடுகளுக்கான கம்பியில்லாக் கருவிகள் பெரும்பாலும் ஒளியைக் கொண்டு புகையை அறிகின்றன. கருவியினுள் வெளிவெளிச்சம் புகாத கரிய சிற்றறை ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்தில் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை வீசும் சிறு விளக்கும், மற்றொரு பக்கத்தில் ஒளியுணர் உறுப்பும் அமைந்துள்ளன. இரண்டும் நேருக்கு நேர் நோக்காமல் ஒரு கோணத்தில் வைக்கப்பட்டிருப்பதால், தூய காற்றில் ஒளி உறுப்பின்மீது விழுவதில்லை. புகைத்துகள்கள் உட்புகுந்ததும் அவை ஒளியைப் பல திசைகளிலும் சிதறச் செய்கின்றன. சிதறிய ஒளியில் ஒரு பகுதி உறுப்பின்மீது விழ, கருவி விழித்துக்கொள்கிறது. மெத்தை, துணி முதலியவை கனன்று புகையும் தீயை இம்முறை விரைவில் அறியும்.

மற்றொரு முறையில் அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் பயன்படுகிறது. அதன் ஆல்பாக் கதிர்கள் காற்றை அயனிகளாக்கி, இரு தகடுகளுக்கிடையே மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. புகை நுழைந்தால் அவ்வோட்டம் குறைகிறது. சுடர்விட்டு எரியும் தீயை இம்முறை விரைந்து அறியும். இவ்வகைக் கருவிகள் நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. பழுதானவற்றைப் பிரித்தலும் குப்பையில் எறிதலும் கூடா.

செய்தி செல்லும் வழி

புகை எழுவதிலிருந்து மக்கள் வெளியேறுவது வரை ஆறு கண்ணிகள் கொண்ட சங்கிலியொன்று உண்டு. புகை கருவியை அடைய வேண்டும். கருவி அதனை உணர வேண்டும். உணர்ந்த செய்தி ரேடியோ அலையாக மையப் பெட்டியைச் சேர வேண்டும். மையப் பெட்டி அதனைத் தீ என்று அறிந்து மணியை இயக்க வேண்டும். மணியோசை உறங்குபவரின் செவியை எட்ட வேண்டும். விழித்தவர் செய்வதறிந்து வெளியேற வேண்டும். இவற்றுள் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்ற ஐந்தும் பயன்படா. கருவியிலுள்ள சோதனைப் பொத்தான் பெரும்பாலும் மின்சுற்றையும் ஒலியையும் ரேடியோச் செய்தியையும் மட்டுமே சோதிக்கிறது. மற்றவற்றைச் சோதிப்பது பொருத்துபவரின் பொறுப்பு.

இடத்தைத் தேர்தல்

சூடான புகை மேலெழுந்து கூரையடியில் பரவும். ஆதலின் கருவியைக் கூரையின் நடுப்பகுதியில் பொருத்துதல் நன்று. சுவரில் பொருத்த நேர்ந்தால் கூரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கையறையிலும், படுக்கையறைகளுக்கு வெளியேயுள்ள நடையிலும், ஒவ்வொரு மாடியிலும் ஒரு கருவி வேண்டும்.

நம் நாட்டு வீடுகளில் மின்விசிறியைத் தனியே கருத வேண்டும். சுழலும் விசிறி புகையைக் கலைத்துக் கருவியை அடையவொட்டாமல் தடுக்கும். விசிறி இறக்கையின் நுனியிலிருந்து கருவி ஏறக்குறைய ஒரு மீட்டரேனும் விலகியிருத்தல் வேண்டும். அடுப்பிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத தொலைவு வேண்டும். குளியலறை வாயிலுக்கு அருகில் வைத்தால் நீராவி பொய்யபாயம் எழுப்பும். சமையலறையினுள் புகையறி கருவிக்குப் பதிலாக வெப்பமறி கருவியை வைத்தல் தகும். பூசை மாடத்துக்கும் கொசுவர்த்திச் சுருள் வைக்கும் மூலைக்கும் நேர்மேலே பொருத்தலாகாது.

இவ்வெச்சரிக்கைகளை அற்பமென எண்ணலாகாது. தாளிக்கும்போதெல்லாம் அலறும் கருவியிலிருந்து வீட்டார் சில நாட்களில் பாட்டரியைக் கழற்றிவிடுவர். பின்னர் உண்மையான தீ எழும்போது கருவி ஊமையாயிருக்கும்.

கூரையில் துளையிடுமுன் ரேடியோ அலையையும் சோதித்தல் வேண்டும். இக்கருவிகள் 433 மெகாஹெர்ட்ஸ் அல்லது 866 மெகாஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களில் மிகக் குறைந்த ஆற்றலுடன் செய்தி அனுப்புகின்றன. இவற்றின் அலைநீளம் முறையே ஏறக்குறைய 69 சென்டிமீட்டரும் 35 சென்டிமீட்டரும் ஆகும். செங்கற்சுவரை இவ்வலைகள் ஒருவாறு கடக்கும். இரும்புக் கம்பி செறிந்த கான்கிரீட்டும், இரும்புப் பீரோவும், பெரிய நிலைக்கண்ணாடியும் அவற்றைத் தடுக்கும். ஆகவே கருவியை உரிய இடத்தில் தற்காலிகமாக ஒட்டி, இரவில் இருப்பதுபோல் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு, பத்து முறை செய்தி அனுப்பிப் பார்க்க வேண்டும். பத்தும் மையப் பெட்டியை அடைந்தாலன்றி அவ்விடத்தை ஏற்கலாகாது. சில சமயம் ஒரு முழம் தள்ளி வைத்தாலே போதுமானதாகும்.

மையப் பெட்டியில் பதிவு செய்தல்

ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. மையப் பெட்டியைப் பதிவு நிலையில் வைத்துக் கருவியை இயக்கினால், பெட்டி அவ்வெண்ணை ஏற்றுக்கொள்ளும். அப்போது கருவிக்கு 'மேல்மாடி நடை', 'குழந்தைகள் அறை' என்பன போன்ற தெளிவான பெயர் இட வேண்டும். வெறும் எண்ணை இட்டால், நள்ளிரவில் அது எந்த அறை என்று எவருக்கும் நினைவிராது.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. வீட்டு அபாயமணி அமைப்புகள் முதன்மையாகத் திருட்டைத் தடுக்க ஏற்பட்டவை. கதவிலும் சன்னலிலும் உள்ள உணர்விகள், வீட்டார் அமைப்பைக் காவல் நிலையில் வைத்தபோது மட்டுமே மணியை எழுப்பும். புகையறி கருவியையும் அவ்வகையிலேயே பதிந்துவிட்டால், காவல் நிலையில் இல்லாத வேளையில் தீப்பற்றினாலும் மைய மணி ஒலிக்காது. ஆகையால் அதனை 'இருபத்துநான்கு மணி நேரத் தீக்காவல்' என்னும் வகையில் பதிதல் இன்றியமையாதது. தீயின் ஒலி திருட்டின் ஒலியினின்றும் வேறுபட்டிருத்தலும் வேண்டும். அரை வினாடி இடைவெளிவிட்டு மூன்று முறை ஒலித்து, ஒன்றரை வினாடி ஓய்ந்து, மீண்டும் மூன்று முறை ஒலிப்பது 'வெளியேறுக' என்பதற்குப் பல நாடுகளில் வழங்கும் குறியாகும். திருடனென்று எண்ணிக் கதவைத் தாழிட்டு உள்ளே இருப்பவர் தீயில் அகப்படுவர்.

சோதிக்கும் முறை

சோதனை தொடங்குமுன் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிவிட வேண்டும். அமைப்பு தொலைபேசி வழியே வெளியாருக்குச் செய்தி அனுப்புவதாயின் அவர்களுக்கும் முன்னறிவிப்பு தேவை. பின்னர்க் கீழ்க்கண்டவாறு செய்க.

1. கருவியைக் கண்ணால் பார்க்க. வெள்ளையடிக்கும்போதோ புதிதாக வந்தபோதோ போடப்பட்ட தூசியுறை கழற்றப்பட்டதா, வலைக்கண்களில் சுண்ணாம்போ சிலந்திக்கூடோ அடைத்துள்ளதா எனக் காண்க. உறை மாட்டிய கருவியும் பொத்தானை அழுத்தினால் நன்றாகவே ஒலிக்கும். புகை மட்டும் உள்ளே செல்லாது.

2. அமைப்பு காவல் நிலையில் இல்லாதபோது பொத்தானை அழுத்துக. மைய மணி தீக்குரிய ஒலியை எழுப்புகிறதா, பெட்டியில் சரியான அறையின் பெயர் தோன்றுகிறதா எனக் காண்க. ஒவ்வொரு கருவிக்கும் இதனைத் தனித்தனியே செய்க.

3. இதற்கெனவே விற்கப்படும் சோதனைப் புகைத் தெளிப்பானைக் கொண்டு, உற்பத்தியாளர் கூறிய தூரத்திலிருந்து சிறிது தெளிக்க. கருவி தானாக விழிக்க வேண்டும். காகிதத்தைக் கொளுத்திப் பிடித்தல் அபாயமானது; கரியும் எண்ணெய்ப் பசையும் சிற்றறையில் படிந்து கருவியைக் கெடுக்கும்.

4. மையப் பெட்டிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டாம் படியைத் திரும்பச் செய்க. மின்கசிவே தீக்குக் காரணமாயின் முதலில் அறுபடுவது மின்சாரமே. பெட்டியின் உள்ளிருக்கும் பாட்டரி அப்போது தனித்து மணியை இயக்க வல்லதாயிருக்க வேண்டும்.

5. ஒரு கருவியின் பாட்டரியைக் கழற்றி வைத்து, மையப் பெட்டி எவ்வளவு நேரத்தில் அதனைக் குறையென அறிவிக்கிறது என்று குறித்துக்கொள்க. கருவிகள் 'நலமாயிருக்கிறேன்' என்னும் செய்தியை இடைவிட்டு அனுப்புகின்றன. சில அமைப்புகளில் அச்செய்தி நின்றதைப் பெட்டி உணரப் பல மணி நேரம் ஆகும். அவ்வீட்டார் பெட்டியை மட்டும் நம்பியிராமல் கருவிகளையும் அவ்வப்போது நோக்க வேண்டும்.

உறங்குபவரின் செவி

வீட்டுக் கருவிகளின் ஒலி 3 மீட்டர் தொலைவில் 85 டெசிபல் இருக்க வேண்டுமென்பது தர விதி. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகும்போது ஒலி 6 டெசிபல் குறையும். 6 மீட்டரில் 79. 12 மீட்டரில் 73. இடையே சாத்திய கதவு இருப்பின் இன்னும் வெகுவாகக் குறையும். உறங்குபவரை எழுப்பத் தலையணையருகே 75 டெசிபல் வேண்டுமெனத் தீயறிவிப்பு நெறிமுறைகள் கூறுகின்றன. கூடத்தில் ஒற்றை மணியை மாட்டிவிட்டு, கதவடைத்த படுக்கையறைக்குக் காவல் கிடைத்ததென்று எண்ணுதல் தவறென்பது இக்கணக்கால் விளங்கும். ஒரு கருவி விழித்தால் எல்லா அறைகளிலும் மணி ஒலிக்குமாறு இணைத்தலே முறை. கம்பியில்லா அமைப்பின் பெரும்பயனும் இதுவே.

சிறுவர்களிடம் தனிக் கவனம் வேண்டும். உச்சக்குரலில் ஒலிக்கும் மணிக்கு வளர்ந்தோர் விழிக்கும் வேளையில், குழந்தைகள் பலர் விழிப்பதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. கேட்கும் திறன் குறைந்த முதியோர்க்கு 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த குரல் மணி பயன் தரும். எனவே எந்தக் குழந்தையை யார் எழுப்புவது, பாட்டியை யார் கைப்பிடித்து அழைத்துவருவது என்பதை வீட்டார் முன்னதாகவே தீர்மானித்தல் வேண்டும்.

புகையறி கருவி அறியாதது

வட மாநிலங்களில் குளிர்காலத்தில் அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை அறையினுள் வைத்து, கதவை அடைத்து உறங்கும் வழக்கம் உண்டு. நன்கு கனன்ற கரியிலிருந்து புகை மிகுதியாக எழுவதில்லை. ஆயின் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வெளிப்படுகிறது. அதனால் குளிர்காலந்தோறும் உயிர்கள் மாய்கின்றன. புகையறி கருவி இவ்வாயுவை அறியாது. இதற்கெனத் தனிக் கருவி வேண்டும். எக்கருவி இருப்பினும், கரியடுப்பை உறங்கும் அறையில் வைக்கலாகாது என்பதே முதற்பாடம்.

பராமரிப்பு

மாதம் ஒரு முறை ஒவ்வொரு கருவியின் பொத்தானையும் அழுத்திப் பார்க்க வேண்டும். புழுதி மிகுந்த ஊர்களில் அடிக்கடி மென்தூரிகையாலோ உறிஞ்சியாலோ வலைக்கண்களைத் துடைக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை 'கீச்' என்று ஒலித்தால் பாட்டரி தளர்ந்ததென்று பொருள், அன்றே மாற்றுக. கருவியின் பின்புறம் உற்பத்தித் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து பத்து ஆண்டுகள் கழிந்தால், நன்கு ஒலித்தாலும் கருவியையே மாற்றுதல் வேண்டும். பெரிய கட்டடங்களில் பணிபுரியும் ஊழியர்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2189 என்னும் நெறிமுறையையும், 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட நெறித்தொகுப்பின் நான்காம் பகுதியையும் கைக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் செய்து காட்ட

காலணிப் பெட்டி ஒன்றின் உட்புறத்தைக் கருமையாக்குக. ஒரு பக்கத்தில் துளையிட்டு அதன் வழியே டார்ச் விளக்கின் ஒளியைச் செலுத்துக. எதிர்ப் பக்கத்தில் ஒளி வெளியேற மற்றொரு துளை இடுக. அடுத்த பக்கத்தில் கண் வைத்துப் பார்க்கச் சிறு துளை இடுக. தூய காற்றில் மாணவர்க்கு ஒளிக்கற்றை தெரியாது. ஊதுவத்தியின் புகையைச் சிறிது உட்செலுத்தினால் ஒளிக்கற்றை பளிச்செனத் தோன்றும். கண் இங்கே ஒளியுணர் உறுப்பின் பணியைச் செய்கிறது. ஊதுவத்தியை ஆசிரியரே கையாண்டு, வாளியில் நீரை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டின் வரைபடத்தை வரைந்து, உறங்கும் இடங்களையும், வெளியேறும் இரு வழிகளையும், வெளியே அனைவரும் கூடவேண்டிய இடத்தையும் குறித்து வரட்டும். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் அந்நாள் முதல் தீயணைப்பு வாரம் கொண்டாடப்படுகிறது. பள்ளியிலும் வீட்டிலும் ஆண்டுச் சோதனை முழுவதையும் நடத்த அவ்வாரம் ஏற்றது. வீட்டில் நடத்தும்போது, பிள்ளைகள் உறங்கியபின் ஓரிரவு மணியை ஒலிக்கச் செய்து, யார் விழித்தனர், யார் விழிக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுமாறு பெற்றோருக்குச் சொல்லியனுப்புதல் நலம். விழிக்காத பிள்ளையின் பெயருக்கு நேரே, அப்பிள்ளையை எழுப்பவேண்டியவரின் பெயரையும் எழுதிவைத்தால் சங்கிலியின் கடைசிக் கண்ணியும் உறுதிப்படும்.