பதிவு மூப்பு இல்லாத வேலைவாய்ப்பு அலுவலகம்



மூன்று வருடம், ஆறு செமஸ்டர், எண்ண முடியாத ரெக்கார்டு நோட்டுகள். எல்லாம் முடித்து வெளியே வந்ததும் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "என்ன தம்பி, வேலை கிடைச்சுதா?" மாமா ஒருவர் பெரிய கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தால் பதில் சொல்வது சுலபம். நம்மில் பலருக்கு அப்படிப்பட்ட மாமா கிடையாது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகளும் நம் எல்லோரையும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

நம் அப்பா காலத்தில் ஒரு வழி இருந்தது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று பதிவு செய்வார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். பதிவு மூப்பு வரும்வரை கார்டுக்காகக் காத்திருப்பார்கள். பதிவு இன்றும் உண்டு, நாமும் செய்துவைக்க வேண்டியதுதான். ஆனால் தனியார் கம்பெனிகள் இன்று ஆள் தேடும் இடங்களில் பெரியது வேறொன்று. அதற்குத் தொழில்முறைத் தொடர்புத் தளம் என்று பெயர். லிங்க்ட்இன் என்றால் உங்களுக்கு உடனே புரியும். அங்கே மூப்பு கிடையாது. நேற்று பதிந்தவனை இன்று கூப்பிடுவார்கள், பத்து வருடமாகப் பதிந்திருப்பவனைக் கூப்பிடாமலும் இருப்பார்கள்.

"அதெல்லாம் ஐ.டி. கம்பெனிக்காரங்களுக்குடா, டிப்ளமோக்காரனுக்கு அதுல என்ன இருக்கு?" என்று நம் பசங்க சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலே இக்கட்டுரை.

தளத்தின் கதை

லிங்க்ட்இன்னை ரீட் ஹாஃப்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2002 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரம்பித்தார்கள். 2003 மே 5ஆம் தேதி அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. 2023இல் உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிக உறுப்பினர்கள் இருப்பது நம் இந்தியாவில்தான்.

நாம் பதிவு செய்யக் காசு கேட்பதில்லை. பிறகு வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு ஆள் தேடும் கம்பெனிகளிடமிருந்து. லட்சக்கணக்கான பக்கங்களுக்குள் தேடும் வசதிக்கும், வேலை விளம்பரம் போடுவதற்கும் அவர்கள் பணம் கட்டுகிறார்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாடிக்கையாளர் கம்பெனி. நாம் அலமாரியில் இருக்கும் சரக்கு. சரக்கின் மேல் சரியான லேபிள் இல்லாவிட்டால் கடைக்காரர் கையில் அது சிக்காது!

லேபிள் எழுதுவது எப்படி?

கம்பெனியின் மனிதவள அதிகாரி நம் பெயரைத் தேடுவதில்லை. அவருக்கு நம் பெயர் தெரியாது. "டிப்ளமோ மெக்கானிக்கல்", "சி.என்.சி.", "ஓசூர்" என்று சொற்களைத் தட்டுகிறார். அந்தச் சொற்கள் யார் பக்கத்தில் இருக்கின்றனவோ அவர்கள்தான் பட்டியலில் வருவார்கள். நம் பக்கத்தில் பெயருக்குக் கீழே 220 எழுத்துக்குள் ஒரு தலைப்பு வரி எழுதலாம். நம் பசங்க பலபேர் அங்கே "மாணவன்" என்று மட்டும் போட்டு விட்டுவிடுகிறார்கள். எந்த அதிகாரியும் "மாணவன்" என்று தட்டித் தேடுவதில்லை.

அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "டிப்ளமோ மெக்கானிக்கல், இறுதியாண்டு. சி.என்.சி. டர்னிங், ஆட்டோகேட், வெர்னியர், மைக்ரோமீட்டர் அளவீடு. ஓசூர் அல்லது கோவையில் பயிற்சி வேலை தேடுகிறேன்." இதை ஆங்கிலத்தில் போடுங்கள், ஏனென்றால் அதிகாரி தேடுவது ஆங்கிலத்தில்.

சிவில் நண்பர்கள் டோட்டல் ஸ்டேஷன், கம்பி வளைப்பு அட்டவணை, எஸ்டிமேஷன் என்று எழுதலாம். எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு பேனல் வயரிங், பி.எல்.சி., மோட்டார் ரீவைண்டிங் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு பி.சி.பி. சால்டரிங், டெஸ்டிங் இருக்கிறது. கைத்தொழில் தெரிந்தவன் என்பதுதான் டிகிரிக்காரன் நடுவே நமக்குள்ள மதிப்பு. அதை மறைத்துவிட்டு "கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்" என்று எழுதினால் யாருக்கு என்ன தெரியும்?

ஆனால் ஒரு நிபந்தனை. எழுதும் ஒவ்வொரு சொல்லையும் வைவா போல நினைத்துப் பாருங்கள். எக்ஸ்டர்னல் எதிரே உட்கார்ந்து அதில் மூன்று கேள்வி கேட்டால் பதில் வருமா? வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். லேபிளில் இருப்பது டப்பாவில் இல்லையென்றால் இன்டர்வியூவில் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ப்ராஜெக்ட்டையும், இன்பிளான்ட் டிரெய்னிங்கையும் விட்டுவிடாதீர்கள். "பதினைந்து நாள் டிரெய்னிங் போனேன்" என்று எழுதாமல், அங்கே என்ன மெஷின் பார்த்தீர்கள், எந்த வேலையில் கூட நின்றீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். செய்த மாடலின் புகைப்படம் இருந்தால் சேர்த்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, அது இனிஷியல். தளம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கொடுக்கிறது. ஒருவர் அப்பா பெயரை முழுதாகப் போடுகிறார், இன்னொருவர் இனிஷியலை முன்னால் போடுகிறார். என் கருத்து, மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரே இருக்கட்டும், இனிஷியல் கடைசிக் கட்டத்தில் போகட்டும். நாளைக்கு சர்டிபிகேட் சரிபார்க்கும்போது குழப்பம் வராது. போட்டோவுக்கு ஸ்டுடியோ தேவையில்லை. வெளிச்சமான சுவர் முன் நின்று நண்பனை எடுக்கச் சொன்னால் போதும்.

பலமான உறவா, மெல்லிய உறவா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வேலை யார் மூலம் கிடைக்கிறது?

மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர், பாஸ்டன் நகரத்தின் புறநகர் ஒன்றில் புதிதாக வேலை மாறியவர்களிடம் இதைக் கேட்டார். 1973இல் வெளியான அவருடைய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6 சதவீதம். அபூர்வமாகச் சந்திப்பவர்கள் 27.8 சதவீதம்.

காரணம் யோசித்தால் புரியும். ஹாஸ்டல் ரூம்மேட்டுக்குத் தெரிந்த வேலைச் செய்தி நமக்கும் தெரிந்ததுதான். இருவரும் பார்ப்பது ஒரே நோட்டீஸ் போர்டு. இரண்டு வருடத்துக்கு முன் படித்துவிட்டுப் போன, பேர் மட்டும் தெரிந்த சீனியர் வேறொரு உலகத்தில் இருக்கிறார். புதுச் செய்தி அங்கிருந்துதான் வரும். இந்த மெல்லிய உறவுகளைச் சேர்த்து வைக்கும் இடமாகத்தான் லிங்க்ட்இன் பயன்படுகிறது.

இதே கேள்வியை லிங்க்ட்இன்னிலேயே பெரிய அளவில் சோதித்தார்கள். ஐந்து வருடங்களில் சுமார் 2 கோடி உறுப்பினர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. மெல்லிய உறவு உதவுகிறது என்பது உறுதியானது. ஆனால் அறவே தெரியாதவரைவிட, பொதுவான நண்பர்கள் சிலர் உள்ள நடுத்தரமான மெல்லிய உறவுதான் அதிகம் உதவியது. அதிலும் கம்ப்யூட்டரை அதிகம் நம்பும் தொழில்களில்தான் மெல்லிய உறவுக்குப் பலன். கம்ப்யூட்டர் பயன்பாடு குறைந்த தொழில்களில் பலமான உறவே அதிகம் உதவியது!

நண்பர்களே, இந்தக் கடைசி வரி நமக்காகவே எழுதியது போல இருக்கிறது. நம்மில் பலர் போகப்போவது ஃபவுண்டரி, மெஷின் ஷாப், கட்டிட சைட், சப்ஸ்டேஷன். அங்கே இன்னமும், "பையன் எப்படி? காலையில ஒழுங்கா வருவானா?" என்று தெரிந்தவரிடம் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆகவே ஐ.டி. படித்தவன் போல ஐந்நூறு பேரைச் சேர்த்துவிட்டு உட்கார்ந்தால் நமக்குப் பலிக்காது. தளத்தில் மெல்லிய உறவைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு தளத்துக்கு வெளியே அதைப் பலமான உறவாக்க வேண்டும். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

சீனியரைத் தேடும் வழி

1. தளத்தில் நம் கல்லூரியின் பெயரைத் தேடி, அதன் பக்கத்தைத் திறக்கவும்.

2. அதில் முன்னாள் மாணவர்கள் என்ற பகுதி உண்டு. எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் என்று பிரித்துப் பார்க்கலாம். கல்லூரிக்குப் பக்கம் இல்லாவிட்டால் பெயரைத் தேடல் கட்டத்தில் போட்டு ஆட்களைத் தேடலாம்.

3. நம் பிரிவில் படித்து, நமக்குப் பிடித்த வேலையில் இருக்கும் பத்துப் பேரைக் குறித்துக்கொள்ளவும். ஐந்து வருடத்துக்குள் முடித்தவர்கள் நல்லது. அவர்களுக்கு நம் கஷ்டம் இன்னும் மறந்திருக்காது.

4. தொடர்புக்கு அழைக்கும்போது வெறுமனே பொத்தானை அமுக்காமல் சிறு குறிப்பு அனுப்பவும்.

குறிப்பு இப்படி இருக்கலாம்: "வணக்கம் அண்ணா. நம் கல்லூரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். நீங்கள் குவாலிட்டி பிரிவில் இருப்பதைப் பார்த்தேன். அந்த வேலைக்கு டிப்ளமோ முடித்தவர் எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்." சீனியர் அக்காவாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இதில் வேலை கேட்கவில்லை, கவனித்தீர்களா? முகம் தெரியாதவரிடம் எடுத்தவுடன் வேலை கேட்டால் அவருக்கே தர்மசங்கடம். ஒரு விஷயத்தைச் சொல்லித்தரக் கேட்டால் பலரும் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

பதில் வந்தால் நன்றி சொல்லுங்கள். அவர் சொன்னதைச் செய்துவிட்டு, ஒரு மாதம் கழித்து, "அண்ணா, நீங்க சொன்ன ஜிடி அண்ட் டி படிச்சிட்டேன்" என்று எழுதுங்கள். ஊருக்கு வரும்போது நேரில் பாருங்கள். இப்போது அவர் உங்களை அறிந்தவர். நாளை ஷாப்பில் இடம் காலியானால் அவர் வாயில் யார் பெயர் வரும்? பத்துப் பேருக்கு எழுதி மூன்று பேர் பதில் போட்டாலும் அது லாபம்தான். பதில் போடாதவர் மேல் கோபம் வேண்டாம், ஷிப்டில் இருப்பார்.

பொத்தானை நம்ப வேண்டாம்

விளம்பரத்துக்குக் கீழே சுலபமாக விண்ணப்பிக்கும் பொத்தான் இருக்கும். நமக்குச் சுலபம் என்றால் எல்லோருக்கும் சுலபம். ஒரே இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் சேர்வதை அந்தப் பக்கத்திலேயே பார்க்கலாம். விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. விண்ணப்பித்த கையோடு அந்தக் கம்பெனியில் நம் கல்லூரிக்காரர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

மற்ற கதவுகளையும் மூடிவிடக் கூடாது. மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளம் 2015இல் தொடங்கியது. தமிழ்நாடு அரசு தனியார் வேலைவாய்ப்புக்கென்று தனித் தளம் நடத்துகிறது. இரண்டிலும் பதிவு இலவசம். டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி தரும் நாட்ஸ் திட்டத்துக்கு சென்னை தரமணியில் உள்ள தென்மண்டல வாரியம் பொறுப்பு. உதவித்தொகையோடு ஒரு வருட அனுபவம் கிடைத்தால், நம் பக்கத்தில் எழுத நல்ல சரக்கு வந்துவிடும்!

பணம் கேட்டால் நிறுத்து

நல்ல இடத்தில் திருடனும் வருவான். பெரிய கம்பெனியின் முத்திரையைப் போட்டு ஆஃபர் லெட்டர் வரும். பிறகு பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், சரிபார்ப்புக் கட்டணம் என்று ஏதோ ஒரு பெயரில் பணம் கேட்பான். எனக்குத் தெரிந்த சீனியர் ஒருவரின் அம்மா காதுத்தோட்டை அடகு வைத்து அப்படிப் பணம் கட்டினார். அந்த ஏஜென்சியின் போன் மறுநாளே அணைந்தது. வேலை கொடுக்கிறவன் சம்பளம் தருவான், பணம் கேட்க மாட்டான். இதை மட்டும் மறக்காதீர்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் இரு மடங்கு கவனம் தேவை. தாய்லாந்தில் வேலை என்று சமூக ஊடகங்களில் ஆசை காட்டி, இளைஞர்களை மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடியில் ஈடுபடுத்தியதைப் பற்றி 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவுத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கையில் எடுக்க வேண்டும். இணையத்தில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவும்.

தோழியருக்கும் ஒரு வார்த்தை. வீட்டு முகவரியும் போன் நம்பரும் பக்கத்தில் வேண்டாம். வேலைக்குச் சம்பந்தமில்லாமல் பேச்சு வளர்ப்பவரைத் தடை செய்யவும், புகார் செய்யவும் வசதி இருக்கிறது. தயங்காமல் பயன்படுத்துங்கள்.

வாரம் ஒரு மணி நேரம்

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். முதல் வாரம் பக்கத்தை எழுதுங்கள். அடுத்த வாரம் டிப்பார்ட்மெண்ட் சார் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு சீனியருக்கு எழுதுங்கள். ஐந்தாம் செமஸ்டரில் ஆரம்பித்தால் படிப்பு முடிவதற்குள் முப்பது பேருக்காவது எழுதியிருப்பீர்கள். அதில் ஐந்து பேர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியிருந்தால், மாமா இல்லாத குறை தீர்ந்தது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நாளை நாமும் சீனியர்தான். பெயர் தெரியாத ஜூனியர் ஒருவன் "வணக்கம் அண்ணா" என்று எழுதுவான். அன்றைக்கு ஷிப்ட் முடிந்த களைப்பாக இருந்தாலும் இரண்டு வரி பதில் போடுங்கள். நம் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகம் அப்படித்தான் நடக்கும்.

வாழ்த்துக்களுடன்,
இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்