முதன்முறை லண்டன் போகிறவர்களுக்குப் பத்து அறிவுரைகள்

நான்கு நாள் லண்டனில் இருக்கப்போகிறோம், எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டு வருகிற இளையவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு நீண்ட பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் பாதியை அடித்துவிடச் சொல்வேன். ரோமானியர் காலத்திலிருந்து ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாக வளர்ந்துவரும் ஊர் அது. நான்கு நாளில் யாராலும் பார்த்து முடிக்க முடியாது. ஆனால் நான்கு பகுதிகளை மனத்தில் நிற்கும்படி பார்த்துவிட்டுத் திரும்ப முடியும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

1. முதலில் விசா, பிறகு டிக்கெட்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா வாங்கியாக வேண்டும். ஷெங்கன் விசா இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரிட்டனுக்கு அது செல்லாது. பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு தெரியும். கூட்டமான மாதங்களில் இழுக்கவும் செய்யும். பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட்டை விசா கைக்கு வரும்வரை வாங்காதீர்கள்.

2. வாடகை குறைவு என்று ஊர்க்கோடியில் தங்காதீர்கள்

தூரத்தில் அறை எடுத்தால் போக வர தினமும் இரண்டு மணி நேரம் கரையும். நான்கு நாளில் எட்டு மணி நேரம் என்றால் ஒரு முழுப் பகல் போச்சு. லண்டன் போக்குவரத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு மண்டலங்களுக்குள், ஹீத்ரோவிலிருந்து நேரடி ரயில் வரும் இடமாகப் பாருங்கள். பிக்காடில்லி தடத்தில் ஏர்ல்ஸ் கோர்ட், கிங்ஸ் கிராஸ். எலிசபெத் தடத்தில் பாடிங்டன். பழைய கட்டடங்களில் நடக்கும் சிறிய ஹோட்டல்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. ரயில் நிலையங்கள் பலவற்றிலும் படிக்கட்டுதான். அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கேட்டறிந்து பதிவு செய்யுங்கள். நீங்களே தூக்க முடிகிற பெட்டியை மட்டும் எடுத்துப்போங்கள்.

3. ஒரு நாளைக்கு ஒரு பகுதி

இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலும் பயணம் பழுதாகாது. காலையில் ஒரு மூலை, மதியம் மறு மூலை என்று ஓடாதீர்கள். லண்டன் நடக்கிறவர்களுக்கான ஊர். அடுத்தடுத்து இருப்பவற்றைச் சேர்த்துப் பாருங்கள்.

முதல் நாள் வெஸ்ட்மின்ஸ்டர். நாடாளுமன்றம், அபே தேவாலயம், செயின்ட் ஜேம்ஸ் பூங்கா, பக்கிங்ஹாம் அரண்மனை வாசல், டிரஃபால்கர் சதுக்கம், நேஷனல் கேலரி எல்லாமே நடை தூரம். இரண்டாம் நாள் டவர் கோட்டையில் தொடங்கி, 1894-இல் திறந்த டவர் பாலத்தைக் கடந்து, தேம்ஸின் தென்கரையோடு மேற்கே நடங்கள். பரோ மார்க்கெட், ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கு, பழைய மின் நிலையத்தில் அமைந்த டேட் மாடர்ன் என வரிசையாக வரும். அங்கிருந்து நடைபாலம் வழியே ஆற்றைக் கடந்தால் செயின்ட் பால் தேவாலயம். மூன்றாம் நாள் பிரிட்டிஷ் மியூசியம் இருக்கும் ப்ளூம்ஸ்பரி. நான்காம் நாள் வெஸ்ட்மின்ஸ்டரில் படகேறி கிரீனிச் போங்கள். 1675-இல் நிறுவிய வானாய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது. உலகமே தீர்க்கரேகையை எண்ணத் தொடங்கும் கோடாக 1884-இல் நாடுகள் கூடி ஏற்றுக்கொண்ட கோடு அதன் முற்றத்தில் ஓடுகிறது. அந்தக் குன்றின் மேலிருந்து ஊர் முழுவதும் தெரியும்.

4. ட்யூப் வரைபடத்தை வைத்துத் தூரத்தை அளக்காதீர்கள்

சுரங்க ரயிலை அங்கே ட்யூப் என்பார்கள். அதன் வரைபடம் ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளிவந்த முறையைப் பின்பற்றுவது. எந்த ரயிலில் ஏறி எங்கே மாற வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டும். உண்மையான தூரத்தைக் காட்டாது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு 300 மீட்டர்கூட இல்லை. அது தெரியாமல் ரயிலேறுகிறவர்கள் நிறையப் பேர். எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நில்லுங்கள். இடப்பக்கம் நடந்து போகிறவர்களுக்கு.

5. பயணம் முழுக்க ஒரே அட்டை

பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள். வங்கியின் கான்டாக்ட்லெஸ் அட்டையையோ போக்குவரத்துக்கென்றே விற்கும் ஆய்ஸ்டர் அட்டையையோ தொட்டுக் காட்டினால் போதும். ட்யூபில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும், பஸ்ஸில் ஏறும்போது மட்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டோம் என்று உச்சவரம்பு உண்டு. காலையில் அட்டை, மாலையில் போன் என்று மாற்றினால் இரண்டையும் இருவேறு ஆளாகக் கணக்கிடுவார்கள், அந்தச் சலுகை கிடைக்காது. ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். ஊரிலிருக்கும்போதே செய்துவிடுங்கள்.

6. அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் போதும்

பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், விக்டோரியா ஆல்பர்ட் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. இலவசம் என்பதாலேயே எல்லா அறைகளிலும் நுழைந்து களைத்துப்போகிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பு சுமார் 80 லட்சம் பொருட்கள். காட்சியில் இருப்பது ஏறக்குறைய 80,000. அதையும் ஒரு நாளில் பார்க்க முடியாது. நான்கைந்து பொருட்களை முன்பே தேர்ந்தெடுங்கள். ரோசெட்டா கல், பார்த்தினான் சிற்பங்கள், அமராவதி ஸ்தூபியின் சிற்பங்கள், சோழர் கால நடராஜர் என்று பட்டியல் இருக்கட்டும். ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதையும் படியுங்கள். வெள்ளிக்கிழமைகளில் இரவு 8.30 வரை திறந்திருக்கும், கூட்டமும் குறையும்.

வெளியே வந்ததும் அருகிலுள்ள சோவாஸ் கல்லூரி வளாகத்துக்குப் போங்கள். 1996-இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை அங்கே இருக்கிறது. சற்றுத் தள்ளி டாவிஸ்டாக் சதுக்கத்தில், 1968-இல் வைத்த காந்தி சிலை. இன்னும் கொஞ்சம் நடந்தால் பிரிட்டிஷ் நூலகம். எஞ்சியிருக்கும் 1215-ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா பிரதிகள் நான்கில் இரண்டு அதற்குச் சொந்தம். தமிழர் ஒருவர் லண்டனில் நடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

7. கட்டணம் கட்டிப் பார்ப்பதற்கு ஒன்றோ இரண்டோ போதும்

நுழைவுக் கட்டணங்கள் கனமானவை. நான் சொல்வது டவர் கோட்டை. வெற்றியாளர் வில்லியம் காலத்தில் எழும்பத் தொடங்கிய வெள்ளைக் கோபுரமும், கோஹினூர் பதித்த கிரீடமும் அங்கே இருக்கின்றன. இணையத்தில் முன்பதிவு செய்து, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் மாலை வழிபாட்டுக்குப் போகக் கட்டணமில்லை. பாடகர் குழுவின் இசையைக் கேட்கலாம். வழிபாட்டுக்குரிய அமைதியோடு உட்காருங்கள்.

8. கிழமையையும் பருவத்தையும் பாருங்கள்

ஞாயிறன்று அபே வழிபாட்டுக்கு மட்டுமே. சுற்றிப் பார்க்க அனுமதியில்லை. பெரிய கடைகள் அன்று ஆறு மணி நேரம்தான் திறக்கும். பரோ மார்க்கெட்டுக்குத் திங்கள் விடுமுறை. ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். நம் நேரத்துக்குக் கோடையில் நாலரை மணியும் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் பின்தங்கிய ஊர் என்பதால், முதல் இரண்டு நாள் விடியற்காலையிலேயே விழிப்பு வரும். புரண்டு படுக்காமல் எழுந்து வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்குப் போங்கள். காலை எட்டு மணிக்கு முன் அந்தப் பாலம் உங்களுடையது.

9. சாப்பாட்டையும் போனையும் கவனியுங்கள்

பகலில் சூப்பர் மார்க்கெட்டில் சாண்ட்விச்சோ சாலடோ வாங்கிப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். செலவும் நேரமும் மிச்சம். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். தோசைக்கு ஏங்கினால் ஒரு மாலை ஈஸ்ட் ஹாமுக்கோ டூட்டிங்குக்கோ போங்கள்; ஈழத்துச் சமையலும் கிடைக்கும், தமிழும் காதில் விழும். உணவக பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் வேண்டாம். நடைபாதை ஓரத்தில் நின்று போனைப் பார்க்காதீர்கள்; சைக்கிளில் வந்து பறித்துப்போகிறவர்கள் உண்டு. வழி பார்க்க வேண்டுமானால் கடை வாசலுக்குள் ஒதுங்குங்கள். சார்ஜருக்குச் செவ்வக முனை மூன்று பின் அடாப்டர் தேவை.

10. ஒரு மதியத்தைச் சும்மா விடுங்கள்

எங்கும் போக வேண்டியதில்லாத ஒரு மதியம் கட்டாயம் இருக்கட்டும். மாடி பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போங்கள். ஹாம்ஸ்டெட் ஹீத் மேட்டில் ஏறி நில்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். ஓர் ஊர் பிடித்துப்போவது இப்படிப்பட்ட நேரங்களில்தான். சில இடங்கள் விடுபட்டால் வருந்தாதீர்கள், அவை எங்கும் போய்விடாது. உடம்பைப் பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல் போய் வாருங்கள்.