உறையாத தயிரும் ஊதா நிறச் சோதனையும்

பால் வாங்கிக் காய்ச்சி, உறை ஊற்றித் தயிராக விற்கும் நம் வணிக நண்பர்கள் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. பால் கெட்டியான பால், உறைமோரும் நல்ல மோர். ஆனாலும் விடிந்து பார்த்தால் தயிர் தோயவில்லை. பால்காரர் தண்ணீர் கலந்துவிட்டார் என்று உடனே சண்டைக்குப் போகிறோம். காரணம் வேறாகவும் இருக்கலாம். மடிநோய் கண்ட மாட்டுக்குப் பென்சிலின் போன்ற மருந்து கொடுத்திருந்தால் அது சில நாட்கள் பாலில் இறங்கும். தயிரை உறைய வைக்கும் நுண்ணுயிர்களை அது வளரவிடாது. காய்ச்சினால் போய்விடும் என்பதும் தவறு; பெரும்பகுதி பாலிலேயே தங்கும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு இது உடல்நலக் கேள்வியும்கூட.

பாலில் பென்சிலினுக்கு உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 4 மைக்ரோகிராம். அதாவது ஆயிரம் லிட்டருக்கு 4 மில்லிகிராம். நம் தராசு எதிலும் நிற்காத எடை! அதை நிறம் காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் வியப்பு.

பால் பண்ணைகளில் செய்யும் சோதனை இது. சிறு குப்பியில் ஊதா நிறக் கூழ் இருக்கும்; அதற்குள் வெப்பத்தைத் தாங்கும் ஒருவகை நுண்ணுயிர். சில துளி பாலை விட்டு 64 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 3 மணி நேரம் வைக்கிறார்கள். பால் சுத்தமானால் நுண்ணுயிர் வளர்ந்து புளிப்பை உண்டாக்கும், ஊதா மஞ்சளாகும். மருந்து இருந்தால் வளர்ச்சி நின்று ஊதா ஊதாவாகவே இருக்கும். நம் தயிர்ப் பானையில் நடப்பதும் இதேதான், நிறம் மட்டும் இல்லை.

எந்த மருந்து, எவ்வளவு என்பதை இது சொல்லாது. சீம்பாலும் சில வேளை ஊதாவைக் காட்டி ஏமாற்றும். ஆகவே ஒரு குப்பியை வைத்து யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது. அளவறிய ஆய்வுக்கூடம்தான் வழி. மாத்திரைகளைச் சோதிக்கும்போது, மருந்தோடு சேர்ந்து நிறம் தரும் உப்பைக் கலந்து, அந்நிறத்தினூடே ஒளியைச் செலுத்துவார்கள். நிறம் அடர்ந்தால் வெளிவரும் ஒளி குறையும். அளவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள்.

சூடு மாறாத கருவி வேண்டுமாதலால் இதைக் கல்லாப் பக்கத்தில் வைத்துச் செய்ய இயலாது. நாம் செய்யக்கூடியது வேறு. ஊசி போட்ட மாட்டின் பாலை மருத்துவர் சொன்ன நாள்வரை தனியே ஒதுக்கும்படி பால்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வோம். வாங்கும் பாலுக்குச் சீட்டும் கேட்போம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்றவரே பொறுப்பு.