முதல் ரொட்டியைச் சுட்டவர்கள்

கேள்வி: முதலில் உழவு, பிறகு கோதுமை, அதற்கும் பிறகுதான் ரொட்டி என்று பள்ளியில் படித்தோம். உலகின் முதல் ரொட்டி எங்கே, எப்போது சுடப்பட்டது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் படித்த வரிசையை ஓர் அடுப்புக் கரி மாற்றிவிட்டது.

ஜோர்டான் நாட்டின் வடகிழக்கில் எரிமலைக் கற்கள் இறைந்து கிடக்கும் கரும்பாலைவனம் இருக்கிறது. அங்கே சுபைக்கா என்ற இடத்தில், டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் குழு 2012 முதல் 2015 வரை அகழாய்வு செய்தது. தலைமை தாங்கியவர் தோபியாஸ் ரிக்டர். கருங்கல் பாவிய தரையும், அதன் நடுவே வட்டமான கல்லடுப்பும் கொண்ட பழைய கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. கடைசியாகச் சமைத்தவர்கள் விட்டுப்போன கரியும் சாம்பலும் அடுப்பில் அப்படியே கிடந்தன.

அந்தச் சாம்பலைக் கொட்டிவிடாமல் மூட்டைகட்டி எடுத்துச் சென்றார்களே, அதைத்தான் இந்த அகழாய்வின் பெரிய சாதனை என்பேன். மண்ணை நீரில் கரைத்தால் கருகிய விதைகளும் உணவுத் துணுக்குகளும் மிதந்து மேலே வரும். அவற்றைப் பொறுக்கிப் பார்த்த தாவரத் தொல்லியலாளர் அமாயா அரான்ஸ் ஒதேகிக்குச் சில துணுக்குகள் மட்டும் புதிராக இருந்தன. அவை விதையும் இல்லை, கிழங்கும் இல்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது, இடித்து அரைத்த தானியத் துகள்களும், பிசைந்து சுட்ட மாவில் மட்டுமே காணும் நுண்துளைகளும் தெரிந்தன. இப்படி ஆராயப்பட்ட 24 துணுக்குகள் ரொட்டியின் மிச்சம் என்று 2018இல் அறிவித்தார்கள். வயது சுமார் 14,400 ஆண்டுகள். அந்த வட்டாரத்தில் உழவு தொடங்கியதோ அதற்கு ஏறக்குறைய 4,000 ஆண்டுகள் கழித்துத்தான்.

சுட்டவர்கள் நத்தூஃபியர் எனப்படும் வேட்டை மக்கள். மான் வேட்டையாடினார்கள், நீர்ப்பறவை பிடித்தார்கள், காட்டில் விளைந்ததைப் பொறுக்கினார்கள். அவர்கள் மாவில் காட்டுக் கோதுமை இருந்தது. நம் வயல் கோரைக்கு உறவான ஒரு நீர்த்தாவரத்தின் கிழங்கும் இருந்தது. ஈஸ்ட் சேர்த்த உப்பலான ரொட்டி அல்ல, மெல்லிய தட்டை ரொட்டி.

இதில் இருக்கும் உழைப்பை நினைத்துப் பாருங்கள். காட்டுக் கோதுமையின் உமி மணியை விடாமல் கவ்விக்கொண்டிருக்கும். கதிர் முற்றிவிட்டால் மணிகள் தாமாகவே உதிர்ந்து மண்ணில் சிதறிவிடும். அதற்குள் சேகரித்து, உமி போக இடித்து, புடைத்து, கல்லில் அரைத்து, பிசைந்து சுட வேண்டும். கிழங்கு அப்படியல்ல: ஈர மண்ணைத் தோண்டினால் போதும். அதே இடத்தில் கிழங்கு மட்டும் 50,000க்கும் மேல் கிடைத்திருக்கிறது. தானியம் சொற்பம். ஆகவே ரொட்டி அவர்களுக்கு அன்றாடப் பசிக்கான உணவாக இருந்திருக்காது, விருந்துக்கோ விசேஷத்துக்கோ செய்த பண்டமாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்த ருசிக்காகவே தானியத்தைப் பக்கத்தில் விதைத்து வளர்க்கும் எண்ணம் தோன்றியிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். இது இன்னும் ஊகம்தான். ஆனால் எனக்குப் பிடித்த ஊகம். வயிற்றுப்பாடு மட்டுமே மனிதரை உழவுக்குத் தள்ளியது என்ற பேச்சு எனக்கு ஒருபோதும் முழுமையாகப் பட்டதில்லை.

கேள்வி: ரொட்டி முந்தியதா, பீர் முந்தியதா?
– வாசகர், ஈரோடு

பதில்: இன்றைய சான்றுகளின்படி ரொட்டிதான். இஸ்ரேலில் ஹைஃபா நகருக்கு அருகில் உள்ள ரக்கேஃபெத் குகையில், சுமார் 13,000 ஆண்டுப் பழமையான கல்லுரல்களில் தானியத்தைப் புளிக்கவைத்த தடயங்களைக் கண்டதாகத் தொல்லியலாளர் லீ லியூவின் குழு அறிவித்தது. அதுவும் 2018இல்தான். அங்கே புளிக்கவைத்தவர்களும் நத்தூஃபியர்களே. இறந்தவர்களை அடக்கம் செய்த குகை அது. எனவே சடங்குப் பானமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். நாளையே இன்னும் பழைய தடயம் கிடைத்தால் இந்த வரிசையும் மாறும்.

கேள்வி: நியாண்டர்தால் மனிதர்கள் இறைச்சியைச் சுட்டுத் தின்றதோடு சரி, சமையல் என்று எதுவும் அறியாதவர்கள் என்பது உண்மையா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்மையல்ல. ஈராக்கின் குர்திஸ்தான் மலைப்பகுதியில் உள்ள ஷானிதார் குகையில் அவர்கள் வாழ்ந்த சுமார் 70,000 ஆண்டுப் பழைய மண்ணடுக்கிலும் கருகிய உணவுத் துணுக்குகள் கிடைத்தன. ஜெரன் கபுக்சு தலைமையிலான குழு அவற்றை ஆராய்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டது. காட்டுப் பருப்பை ஊறவைத்து, இடித்து, பிறகே சமைத்திருக்கிறார்கள். காட்டுப் பருப்புகளின் தோலில் கசப்பும் நச்சும் உண்டு, ஊறவைத்தால் குறையும். இந்த உத்தி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் தோலை முழுக்க நீக்கவில்லை. கொஞ்சம் கசப்பு நாவில் படட்டும் என்றே விட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். சுண்டைவற்றல் குழம்பை விரும்பிச் சாப்பிடும் நமக்கு இதை நம்புவது கடினமல்ல.