கமக்காரர் வீட்டுச் சோறும் பிள்ளைகளின் உணவுப் பழக்கமும்

நெல்லும் மரக்கறியும் விளைவிப்பவர் வீட்டிலேயே பிள்ளைகள் இரத்தக் குறைவினால் வாடுவது கேட்பதற்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் அது நடப்பதேயாகும். கரைவாகு வட்டைகளில் நெல் விளைகின்றது. கல்முனைக்குடிக் கரையில் மீன் இறங்குகின்றது. வளவில் முருங்கை நிற்கின்றது. எனினும், விடியுமுன் கட்டிய கீரைப்பிடியும் முற்றாத பயற்றங்காயும் சந்தைக்குப் போய்விட, வீட்டுச் சட்டியில் விழுவது பெரும்பாலும் விலைபோகாத மிச்சமே. விற்ற காசிலோ பிள்ளைக்குப் பிஸ்கற்றும் இனிப்புப் பானமும் வாங்கப்படுகின்றன. இக்கணக்கில் நட்டப்படுவது பிள்ளையின் உடம்பு.

முதலில் அரிசியைப் பார்ப்போம். 1890ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், யாவாத் தீவில் பணிபுரிந்த ஒல்லாந்து வைத்தியர் கிறித்தியான் ஐக்மன், தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசியைத் தின்றபின் அவை தேறுவதையும் கண்டார். இவ்வாராய்ச்சிக்காக 1929இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. தவிட்டோடு போய்விட்ட பொருள் உயிர்ச்சத்து பி1 என்பது பின்னர் தெளிவாயிற்று. நெல்லை அவித்துப் புழுக்கும்போது அச்சத்தில் ஒரு பகுதி மணியினுள் இறங்கிவிடுவதால், புழுங்கல் அரிசியைத் தீட்டினும் இழப்புக் குறைவு. ஆகையால் வீட்டுத் தேவைக்கான நெல்லைப் புழுக்கி, அதிகம் தீட்டாது குற்றுவித்துக் கொள்ளுக. நீர் தெளியும்வரை பலமுறை கழுவுவதும் சத்தைக் கரைத்து ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

ஒரு சகனில் உண்ணுதல்

கலியாணம், கந்தூரி முதலியவற்றில் ஆறு பேர் ஒரு சகனைச் சுற்றி அமர்ந்து உண்பது நம்மவரின் அழகிய வழக்கம். வீட்டிலும் உம்மாவும் வாப்பாவும் பிள்ளைகளும் நாளில் ஒரு வேளையேனும் கூடி உண்ணவேண்டும். வயலிலிருந்து வாப்பா பிந்தி வரும் அறுவடைக் காலத்தில் இது கடினமே. அப்போது இரவுச் சோற்றையாவது ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். பிள்ளை உணவைக் கற்பது சொல்லைக் கேட்டன்று, பெரியோர் வாயைப் பார்த்து. பாவற்காயை ஒதுக்கும் வாப்பாவின் பிள்ளையும் பாவற்காயை ஒதுக்கும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீஸலமா என்னும் சிறுவரின் கை, உணவுத் தட்டில் அங்குமிங்கும் அலைந்ததாம். அல்லாஹ்வின் பெயர் கூறி, வலக்கையால், அருகிலிருப்பதை உண்ணுமாறு அன்னார் கற்பித்ததும், அன்றுமுதல் தாம் அவ்வாறே உண்டுவந்ததாக அவர் அறிவித்ததும் புகாரிக் கிரந்தத்தில் உள்ளன. அடியில்லை, ஏச்சில்லை, உண்ணும் இடத்திலேயே சில சொற்கள் மாத்திரம்.

இதில் பரிமாறுபவர்க்கும் ஒரு கடமை உண்டு. அருகிலிருப்பதையே உண்ணவேண்டிய பிள்ளையின் பக்கத்தில் வெறுஞ்சோறும், பெரியவர் பக்கத்தில் மீனும் கிடந்தால், ஒழுக்கமுள்ள பிள்ளைக்கே குறை நேரும். ஆதலால் மீனையும் சுண்டலையும் பிள்ளையின் முன்னே வைத்துவிட வேண்டும். 6 மாதம் நிறைந்து சோறூட்டத் தொடங்கிய குழந்தைக்குச் சகன் பொருந்தாது. அதற்குத் தனிக் கிண்ணமே தக்கது. எவ்வளவு உண்டதென்பது அப்போதுதான் உம்மாவுக்குத் தெரியும். உம்மாவின் பங்கையும் முன்னரே எடுத்து வைக்கவேண்டும். எல்லோரும் உண்டபின் சட்டியை வழித்து உண்பவர் கர்ப்பிணியாயிருப்பின், இரத்தக் குறைவு பிறவாத பிள்ளையையும் தாக்கும்.

சுண்டலும் தேநீரும்

முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி ஆகியவற்றில் எதுவாயினும் நாள்தோறும் ஒரு பிடி வேண்டும். அரியுமுன் கழுவுக, அரிந்தபின் கழுவினால் சத்து நீரோடு போம். தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துச் சில நிமிடங்கள் மாத்திரம் சூடேற்றி இறக்குக. தேங்காயிலுள்ள கொழுப்பு, இலையிலிருந்து கிடைக்கும் உயிர்ச்சத்து ஏ உடம்பிற் சேர உதவும். தேசிக்காய்ப் புளியை இறக்கியபின்பே பிழிய வேண்டும். அடுப்பிலிருக்கும்போது பிழிந்தால் உயிர்ச்சத்து சி சூட்டில் அழியும். இலையின் இரும்புச்சத்தை உடம்பு ஏற்க அச்சத்தே துணை.

இத்துணையைக் கெடுப்பது சோற்றோடு குடிக்கும் தேநீர். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்குத் தேநீர் வேண்டியதேயில்லை. பெரியோரும் உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். நெத்தலி, சூடை, கூனி ஆகியவை விலையிற் சிறியன என்று இகழவேண்டாம். மென்று விழுங்கத்தக்க முள்ளோடு உண்ணும் சிறுமீன், முள் நீக்கிய பெரிய துண்டினும் கூடுதலான கல்சியம் தரும். முள் உறுத்தாவண்ணம் மசித்தே சிறுவர்க்குக் கொடுக்கவேண்டும்.

புதிய கறியைப் பிள்ளை துப்பினால், அதற்குப் பிடிக்காதென்று முடிவுகட்டலாகாது. 10 தடவைக்கு மேலும் சுவை பார்த்த பின்னரே சில பிள்ளைகள் ஏற்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அளவு வைத்தால் போதும். “இதைத் தின்றால் இனிப்புத் தருவேன்” என்பது பிழையான பேரம். கீரை தண்டனை, இனிப்பே பரிசு என்று பிள்ளை படித்துக்கொள்ளும்.

தானே விதைத்ததைப் பிள்ளை விருப்போடு உண்பது பல வீடுகளிற் காணத்தக்கது. 2004 திசம்பர் 26 கடற்கோளின்பின் கரையோரக் கிணறுகள் பல உவரேறின. வளவுகளும் இன்று சுருங்கியுள்ளன. இடமில்லாதவர் பழைய சாக்கில் மணலும் மக்கிய எருவும் சமமாக நிரப்பி, ஒரு பிள்ளைக்கு ஒரு சாக்காகக் கொடுக்கலாம். முளைக்கீரை ஏறக்குறைய 4 வாரத்தில் பறிக்கத்தக்கதாகும். நீர் ஊற்றுவது பிள்ளையின் வேலையாகவே இருக்கட்டும்.

இறுதியாக, பீடைநாசினி தெளித்த பாத்தியில், போத்தற் சீட்டிற் குறித்த நாட்கள் கழியுமுன் சந்தைக்கும் பறிக்கலாகாது, சட்டிக்கும் பறிக்கலாகாது. வயல்வரம்பிற் படரும் பொன்னாங்காணியும் வல்லாரையும் களைநாசினி பட்டபின் உணவுக்காகா. இலை வாடுமுன் அவை பார்வைக்குப் பச்சையாகவே இருக்கும். ஆகவே கீரை பறிக்கப் பிள்ளையை அனுப்புமுன், எவ்வரம்பில் மருந்து விழுந்ததென்று காட்டிக் கொடுத்து, அங்கே ஒரு கம்பை நட்டுவைக்க.